எண்ணெய் மூடிக்கு வைத்த காவல்

புவாபானுக்குப் புருஷன் தோங்கின் விட்டுப்போனது ஒரு டீசல் பிக்கப் வண்டி. விடியுமுன் சந்தைக்காரிகளையும் அவர்களுடைய ஊறவைத்த மீன் ஜாடிகளையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவாள். அதுதான் அவளுக்குச் சோறு. தோங்கினைத் தகனம் செய்த சாம்பல் ஆறுமுன்னே அவன் தம்பி கம்பூன், "அண்ணி, வண்டிய எனக்கே குடுத்துடுங்களேன்" என்று கேட்டுவிட்டான். ஊரில் இருக்கிற ஒரே மெக்கானிக்கும் அவன்தான்.

அன்றிலிருந்து டீசல் டேங்கில் சுண்ணாம்புக் கோடு, பேட்டரியில் நகப்பூச்சுப் பொட்டு, மாற்றுச் சக்கரத்தில் கயிற்று முடிச்சு என்று அவள் அடையாளம் வைக்கத் தொடங்கினாள். இந்த வருஷம் எஞ்சின் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிக்கும் புதிதாக ஒரு காவல் வைத்தாள். இது அப்பா வழியில் வந்த குணம். அவளுடைய அத்தை காம்பான் கோழி முட்டைக்கே கரிக்கோடு போட்டவள்.

கரும்பு வெட்டுத் தொடங்கிய சமயம், வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்பாக எண்ணெய் சொட்டியது. வேறு வழியில்லாமல் கம்பூன் வீட்டு வாசல் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அவன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான்.

"பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும்போல. கியர்பாக்ஸ இறக்கணும் அண்ணி. வண்டிய விட்டுட்டுப் போங்க."

விட்டுப் போனால் அது திரும்பி வராது என்று அவளுக்குத் தோன்றியது. ஒழுகுகிற வண்டி என்று பேராகிவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? இவனே ஒழுகவிட்டிருப்பான்.

"போலங்கிறியே, கண்ணால பாத்தியா? காட்டு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

கம்பூன் எஞ்சினை டீசல் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டான். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "பவுடர் டப்பாவ எடுத்துட்டு வா!" என்று கத்தினான்.

"எதுக்கு? பூசி மறைக்கவா?"

"உங்க மூஞ்சிக்கு இல்ல அண்ணி, எஞ்சினுக்கு. எங்க கசியுதோ அங்க வெள்ளை கறுக்கும்."

எஞ்சின் வெள்ளை வெளேரென்று ஆனது. ஓடவிட்டார்கள். பவுடரைக் கண்டதும் பக்கத்து வீட்டு மாலிவான் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். பவுடர் தடவினால் பட்டையில் லாட்டரி நம்பர் தெரியும் என்று நம்பி அவள் தடவாத மரம் அந்த ஊரில் இல்லை.

"ஏழு! அடியே, ஏழு தெரியுது!"

"தள்ளுங்கக்கா, என் வண்டி ரத்தம் கக்குது, உங்களுக்கு நம்பரா?"

கம்பூன் விளக்கைக் கிட்டே பிடித்தான். எண்ணெய் கீழேயிருந்து வரவில்லை. எஞ்சின் தலையை மூடியிருக்கும் மேல்மூடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் கசிந்து, பின்பக்கமாக வழிந்திருந்தது.

"நான் சொன்னது தப்பு அண்ணி. சீல் நல்லாத்தான் இருக்கு. ஓட்டைன்னா ஒரு கோடுதான் வரும். இது சுத்தி வருது. எஞ்சினுக்கு மூச்சு முட்டுது."

எஞ்சினுக்குள் சேரும் புகை வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. கம்பூன் மேலே இருந்த பிளாஸ்டிக் மூடாக்கைக் கழற்றி அதைத் தடவிக்கொண்டே போனான். எண்ணெய் மூடிக்குப் பக்கத்தில் கை நின்றது. மூடியையும் குழாயையும் சேர்த்து இறுக்கி, கம்பி முறுக்கியிருந்தது. சூட்டில் இளகிய குழாய் அந்த இடத்தில் நசுங்கிக் கிடந்தது. போக வழியில்லாத புகைதான் எண்ணெயை வெளியே தள்ளியிருந்தது.

"யார் கட்டினது?"

புவாபான் தொண்டையைச் செருமினாள். "உங்கண்ணன் கட்டியிருப்பாரு."

"அண்ணன் போயி ரெண்டு மழை ஆச்சு. கம்பி புதுசா மின்னுதே?"

மாலிவான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கம்பூன் கம்பியை வெட்டி அண்ணியின் கையில் கொடுத்தான். குழாயையும் மேல்மூடிக்கு அடியிலிருக்கும் ரப்பர் கேஸ்கெட்டையும் மாற்றி, மறுபடி பவுடர் தூவினான். எவ்வளவு நேரம் ஓடியும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"இப்பவும் வண்டிய கேப்பியா?" என்றாள்.

"கேப்பேன். ஆனா இப்ப விலை ஏறிடுச்சு, எனக்குக் கட்டாது. நீங்களே ஓட்டுங்க."

மறுநாள் விடியுமுன் விளக்கோடு வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. எண்ணெயை வடித்துவிட்டானோ என்று எஞ்சினிலிருந்து எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தாள். சரியாக இருந்தது. எண்ணெய் மூடிக்கு மறுபடி கம்பி கட்டவில்லை. சந்தைக்காரிகள் ஏறுமுன் மாற்றுச் சக்கரத்து முடிச்சை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போட்டது போட்டபடி இருந்தது.