ஒற்றை எருமையின் முன்னால் என் மனைவி

சபையாருக்கு என் அன்பின் வணக்கம். மன்னார்குடியை விட்டு ஜாம்பியா நாட்டுக்குக் கணக்கு வாத்தியாராகப் போய் நாலு வருஷமாகிறது. லீவில் வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் திரும்பினால் நான் நன்றி கெட்டவன். போன ஆகஸ்டில் என் மனைவி எஸ்தரைக் காட்டில் பறிகொடுக்க இருந்தேன். அந்த ஆபத்தை வரவழைத்தவனும் நானே.

அங்கே வனவிலங்குகள் வாழும் பெரிய காடுகளுக்கு வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். மூன்று நாள் ஜீப்பில் சுற்றி சிங்கம், யானை எல்லாம் பார்த்தோம். நாலாம் நாள் காலை, நடந்தே போய்ப் பார்ப்பது. எஸ்தருக்கு இஷ்டமே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்து நான்தான் இழுத்துப்போனேன். வழிகாட்டி மோசஸ் என்பவர், அந்த ஊர்க்காரர். துப்பாக்கியோடு ஒரு காவலரும் வந்தார். வரிசையாக வரவேண்டும், வாய் திறக்கக் கூடாது என்று மோசஸ் மூன்று தடவை சொன்னார். வாத்தியாருக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றோரச் சேற்றில் ஒற்றைக் காட்டெருமை படுத்திருந்தது. சத்தமில்லாமல் பின்னால் நகரும்படி மோசஸ் கைகாட்டினார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்கத்துக்குப் பயப்படலாம், எருமைக்குமா? நான் பண்ணையாரின் எருமைகளை மேய்த்து வளர்ந்தவன். சேற்றில் படுத்து அடம்பிடிக்கும் எருமையைக் கைதட்டி அதட்டினால் அலுத்துக்கொண்டு எழுந்து ஒதுங்கும். எங்கள் ஊர் வழக்கம் அதுதான். யோசிக்கவே இல்லை. கையைத் தட்டி, "ஹேய், ஹேய்" என்று அதட்டினேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எழுந்தது. ஒதுங்கவில்லை. எங்களை நேராகப் பார்த்தது. பிறகு பாய்ந்தது.

மரத்துக்குப் பின்னால் ஓடுங்கள் என்று மோசஸ் கத்தினார். ஓடினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எஸ்தரின் கையைப் பிடிக்காமலே ஓடினேன். திரும்பிப் பார்த்தால், புடவை காலில் சிக்கி அவள் தரையில் கிடக்கிறாள். எழுந்திருக்காமல் குப்புறப் படுக்கச் சொல்லி மோசஸ் இங்கிலீஷில் அலறினார். அவளுக்கு அது புரியாது. நான் தமிழில் கத்தினேன். "எஸ்தர், எழுந்திருக்காத. குப்புறப் படு. அசையாத."

எருமை அவள் தலைமாட்டில் வந்து நின்றது. காவலர் துப்பாக்கியைத் தூக்கினார், ஆனால் சுடவில்லை. சுட்டால் அந்த மலைபோன்ற உடம்பு அவள் மேலேயே விழும். கொம்பைத் தாழ்த்தி அவள் முதுகை மோந்தது. அதன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குப் பயம் புதிதல்ல. கூலித் தகராறில் பண்ணையாரின் அடியாட்கள் எங்கள் தெருவுக்குள் புகுந்த நாட்களில், அப்பா வாய்க்கால் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து பிழைத்தார். அம்மா எங்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஜெபித்தார்கள். அன்று தப்பு எங்கள் மேல் இல்லை, அதனால் ஆண்டவரிடம் தைரியமாகக் கேட்டோம். இங்கே கேட்க எனக்கு என்ன யோக்கியதை? சொன்ன பேச்சைக் கேட்காமல் வம்பை விலைக்கு வாங்கியவன் நான். மனப்பாடமான ஜெபம் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. பெண்டாட்டி சாகப்போகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியில் மரத்தைக் கட்டிக்கொண்டு இவ்வளவுதான் சொன்னேன். "ஆண்டவரே, தப்பு என்னுது. அவளை விட்டுடுங்க."

எருமை தலையைத் தூக்கியது. ஒரு தடவை செருமியது. திரும்பி, நிதானமாக நடந்து நாணலுக்குள் போய்விட்டது. பாய்ந்து வந்த ஒற்றை எருமை இப்படிப் போனதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மோசஸ் அங்கேயே மண்டியிட்டார்.

எஸ்தரைத் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். புடவை மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஓடினது ஓடிட்டீங்க. இனிமே நான் வேணாம்னா விட்ருங்க" என்றாள். எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இப்போதெல்லாம் அவள் வேண்டாம் என்றால் நானும் நின்றுவிடுகிறேன்.

சகோதர சகோதரிகளே, செய்யாத குற்றத்துக்கு வந்த துன்பத்தில் எல்லாரும் ஜெபிக்கிறோம். நம் புத்திகெட்ட வேலையால் வந்ததென்றால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறோம். தயவுசெய்து ஒதுங்காதீர்கள். தப்பை ஒத்துக்கொண்டு கேளுங்கள். அதோ, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள்.