வாசலில் கிடந்த ஆம்பளைச் செருப்பு

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாக நிறைந்திருந்த நேரம். நான் சாமிக்காகப் போகவில்லை. என் மகளின் படிப்பை நிறுத்திக் கையோடு கூட்டி வரப் போனேன்.

நாங்கள் இருளர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். வயதான பிறகு பிறந்த கடைசி மகள், திருவள்ளூர் பக்கம் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று நடக்கிற ஒரு சின்ன காலேஜில் மனையியல் படித்தாள். சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, கடையில் ஏமாறாமல் சாமான் வாங்குவது. இதற்கு ஒரு காலேஜா என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான்.

அந்த மாதம் போனில் சொன்னாள். "ரெண்டு வாரம் ஹாஸ்டல்ல இருக்க மாட்டேம்மா. ஒரு ஊட்ல தங்கி சமைக்கணும், பெருக்கணும். அதுக்கு மார்க் உண்டு."

"யாரு ஊடு?"

"காலேஜ் ஊடுதாம்மா."

சின்ன வயசில் என்னையும் இப்படித்தான், சோறு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி ஒரு வீட்டு வேலைக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கிருந்து வெளியே வர முடியவில்லை.

சொல்லாமல் போய் இறங்கினேன். காலேஜ் காம்பவுண்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்த சின்ன வீடு. வாசலில் பெரிய ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி. கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன்.

மகள்தான் திறந்தாள். "இன்னாம்மா, சொல்லாம வந்து நிக்கிற?"

"உள்ள யாரு?"

"நாங்க நாலு பொண்ணுங்கதான்."

நான் நம்பவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பாத்ரூம், கட்டிலுக்கு அடி, பின்கதவு எல்லாம் பார்த்தேன். சமையலறையில் ஒரு பெண் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊட்டு ஐயா எங்க?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஐயால்லாம் இல்ல பெரிம்மா. முறை போட்டு நாங்கதான் குடும்பம் நடத்தறோம். இந்த வாரம் உங்க பொண்ணு ஊட்டுத் தலைவி. மாமியார் தோத்துடும், அந்த வெரட்டு வெரட்டுது."

"அப்ப வாசல்ல கெடக்கற செருப்பு?"

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தெரியாத மாரி கேக்கறியே. அப்பா போனப்பறம் நீ நம்ம வாசல்ல போட்டு வச்சிக்கினு இருக்கியே, அதே வேலைதான். ரோட்ல போறவன் உள்ள ஆம்பள இருக்கான்னு நெனைக்கட்டும்னு சந்தையில பழசு வாங்கியாந்தேன். டீச்சர்கூட யார் யோசனைன்னு கேட்டாங்க. எங்க அம்மாதுன்னு சொன்னேன்."

நான் வைத்த பொறியில் நானே விழுந்திருந்தேன்.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆனாலும் அந்த நாள் வீட்டு வேலைப் பழக்கம், ஊட்டுத் தலைவி மகள் முதல் வாய் வைத்த பிறகுதான் நான் வைத்தேன். கூட்டிப்போக வந்ததைச் சொல்லவே இல்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

கிளம்பும்போது அந்தச் செருப்பைக் காலால் கொஞ்சம் கோணலாகத் தள்ளிவிட்டேன். "தெனம் எடம் மாத்திப் போடு. ஒரே மாரி கெடந்தா கண்டுபுடிச்சிடுவான்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினேன்.

இன்றும் நான் யாரையும் லேசில் நம்புவதில்லை. ஆனால் எந்த வாசலிலாவது ஆம்பளைச் செருப்பைப் பார்த்தால், உள்ளே விவரமான ஒரு பெண் இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.