கயிற்றில் கடைசி ஆள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தானுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் பத்தொன்பது வருஷ வேலையில் ஒரு நாளாவது வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டிருப்பார். அவர் பேருந்து நடத்துனர். எதையும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அந்த மலையில் நடந்ததை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே ஆகவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதும் இவர் சொன்னதும் அப்படியே பொருந்தின. இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றவேண்டும் என்றால் முதலில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும். அந்த வீட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை.

கல்யாணமான புதிதில், மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று அத்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்கா அதை விடவே இல்லை. பத்தொன்பதாவது வருஷம் நச்சரிப்புத் தாங்காமல் கிளம்பினார். மலையில் நடக்க அக்காவுக்கு ஷூவும் வாங்கிக் கொடுத்தார். ஒரு அளவு பெரியது. போடப் போடச் சரியாகிவிடும் என்றார். ஷூ என்றைக்குச் சுருங்கியிருக்கிறது?

அன்று காலை ஏழு பத்துக்கு விடுதி வாசலில் எல்லோரும் நின்றார்கள். வழிகாட்டி ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் சிக்கனம். இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் நெட்டை, இன்னொருவன் கண்ணாடி போட்டவன். அக்கா படியில் உட்கார்ந்து ஷூவுக்குள் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தாள். அத்தான் எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தார். உன்னால் ஊருக்கே தாமதம், வீட்டில் கிடந்திருக்கலாம் என்றார். அக்கா பதில் பேசவில்லை. மலை ஏறும்போதும் பேசவில்லை. உச்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போதும் பேசவில்லை. நீலமாக ஒரு பூவைப் பார்த்து அவளாகச் சிரித்தாள். அவ்வளவுதான்.

இறங்கும்போது மணி இரண்டு நாற்பது. மூடுபனி வந்தது. வந்தது என்றால் மெல்ல வந்து சேரவில்லை, கதவைச் சாத்தியது மாதிரி வந்தது. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது.

வழிகாட்டி பையிலிருந்து நீளக் கயிறு ஒன்றை எடுத்து, ஆளுக்கு ஒரு இடத்தில் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முன்னால் அவள், பிறகு நெட்டை, பிறகு கண்ணாடிக்காரன், பிறகு அத்தான், கடைசியில் அக்கா. கடைசி ஆளாக வேறு யாராவது வரட்டும் என்று வழிகாட்டி சொல்லிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தான்தான் அடம்பிடித்தார்.

"பனியில சத்தத்தை நம்பாதீங்க" என்றாள் வழிகாட்டி. "முன்னால கேக்கும், ஆளு பின்னால இருப்பாங்க. கயித்த மட்டும் நம்புங்க."

விதி சுலபம். கடைசி ஆள் நூறு அடிக்கு ஒரு தடவை கயிற்றை ஒரு இழுப்பு இழுக்கவேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். அதை ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவருக்கு அனுப்பவேண்டும். இரண்டு இழுப்பு என்றால் நில்லுங்கள். உடனே முன்னால் அனுப்பவேண்டும், எல்லோரும் நிற்கவேண்டும்.

அத்தான் தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது. அவருடைய பேருந்தில் கூரையோரமாக மணிக்கயிறு ஒன்று ஓடும். அங்கே ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு இழுப்பு என்றால் போ. பத்தொன்பது வருஷமாகக் கையில் ஊறிய பழக்கம் அது. முதல் நூறு அடியில் அக்கா ஒரு இழுப்பு இழுத்ததும் இவர் பிரேக் போட்டது மாதிரி நின்றார். கண்ணாடிக்காரன் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். பையன்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு இழுப்புக்கு நிற்காமல் நடக்கப் பழகிக்கொண்டார். இரண்டு இழுப்பு வரவில்லை. அதனால் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

மூன்று பன்னிரண்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்த நேரம், அதனால் நன்றாக நினைவிருக்கிறது என்றார்.

பின்னாலிருந்து கயிறு இழுபட்டது. ஒன்று... இரண்டு.

அவர் வாய் தானாக "ரைட்" என்றது. கால் நடந்தது. முன்னால் அனுப்பவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு ஏதோ குறைவதாகப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. அக்காவின் கையில் இரும்பு முனை வைத்த ஊன்றுகோல் இருந்தது. கல்லில் படும்போது டக்... டக்... என்று கேட்கும். அந்தச் சத்தம் இப்போது இல்லை. மண்பாதை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் காலுக்குக் கீழே கல்தான் இருந்தது.

மூன்று பத்தொன்பது. ஒரு இழுப்பு.

அப்பாடா என்றிருந்தது. முன்னால் அனுப்பினார்.

அடுத்த இழுப்பு வந்தபோது இன்னொன்று உறைத்தது. இதுவரை இடுப்பு உயரத்திலிருந்து வந்த இழுப்பு இப்போது கீழேயிருந்து வந்தது. முழங்காலுக்கும் கீழே. அதுவும் நேர் பின்னால் இல்லை... வலது பக்கம். பள்ளம் இருந்த பக்கம்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டார்.

பதில் இல்லை. ஒரு இழுப்பு மட்டும்.

காலையில் திட்டியதற்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தார். பனியில் யார் முகமும் யாருக்கும் தெரியாது. அது அவருக்கு வசதியாக இருந்திருக்கவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அந்த மனிதர் நடந்துகொண்டே சொன்னார். மூன்று முப்பத்தொன்று.

"ஷூ என் தப்புதான். காலையில அப்படிப் பேசினதும் தப்பு. இவ்வளவு வருஷம் இழுத்தடிச்சதும் தப்பு. என்னை மன்னிச்சிடு."

ஒரு இழுப்பு.

மனசு லேசானது. அந்தத் தெம்பில் இன்னும் கொஞ்சம் பேசினார். அடுத்த வருஷமும் வரலாம், கட்டாயம் கூட்டி வருகிறேன், சத்தியம் என்றார்.

இழுப்பு வர நேரமானது. வந்தபோது மெதுவாக, நீளமாக வந்தது. கயிறு கையில் சில்லென்று ஈரமாக இருந்தது. இழுப்பு வந்த இடம் முன்பைவிடக் கிட்டத்தில் இருந்தது.

ஒன்றரை அடி... அவ்வளவுதான் இருக்கும்.

திரும்பிப் பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். கழுத்து திரும்ப மறுத்தது என்றார்.

நான்கு ஐந்து. அடிவாரத்துத் தகரக் கொட்டகை. பனி கொஞ்சம் விலகியிருந்தது. வழிகாட்டி திரும்பி, தன்னையும் சேர்த்து ஆட்களை எண்ணினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் கண் அத்தானைத் தாண்டிப் போனது. அங்கேயே நின்றது.

அத்தான் திரும்பினார்.

கயிறு அவர் கையிலிருந்து பின்னால் பனிக்குள் போயிருந்தது. தரையில் கிடக்கவில்லை. விறைப்பாக, நேராக நின்றது. மறுமுனையை யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

அவர் இழுத்தார்.

சட்டென்று தளர்ந்தது. முனை தரையில் இழுபட்டு வந்து சேர்ந்தது... ஈரமாக.

ஆள் இல்லை.

வழிகாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இரண்டு இழுப்பு எப்போதாவது வந்ததா?

அத்தானுக்கு அப்போதுதான் புரிந்தது. "வந்துச்சு... நான் ரைட்டுன்னு..."

பையன்களைக் கொட்டகையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மேலே ஓடினார்கள். அத்தானுக்கு ஐம்பது வயது. மூச்சு வாங்கியது. என் உயிர் போனாலும் போகட்டும், அவள் மட்டும் கிடைக்கட்டும் என்று புலம்பிக்கொண்டே ஏறியதாகச் சொன்னார். வழிகாட்டி நூறு அடிக்கு ஒரு தடவை விசில் ஊதினாள். நின்று காது கொடுத்தாள். மறுபடி ஏறினாள்.

நான்கு ஐம்பத்திரண்டு. பனி ஒரு கணம் விலகியது. பாதையை விட்டு வலது பக்கம் அறுபது அடி தள்ளி, ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் அவளுக்கு முன்னால் ஈர மண்ணில் குத்தி நின்றது. அதற்கு முன்னால் ஒரு அடி தரை. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, பனி மட்டும்.

அத்தான் கையை நீட்டினார். அக்கா வரவில்லை. இன்னும் இறுக்கமாகப் பாறையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்த்த பார்வையை அவரால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அறிமுகமே இல்லாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"நீங்கதானா?" என்றாள். "நீங்கன்னா... என்னைத் திட்டுங்க."

அத்தானுக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் இன்னும் பின்னால் நகர்ந்தாள். வழிகாட்டி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். கேட்கிறார்களே, திட்டுங்கள் என்றாள்.

"ஏண்டி..." என்று ஆரம்பித்தார். "கயித்த விட்டுட்டு இங்க என்னடி பண்ற? மூளை இருக்கா உனக்கு? எத்தனை பேரு உனக்காகக் காத்துக் கெடக்கிறது?"

கண்ணீர் ஒழுக ஒழுகத் திட்டினார். அக்கா பாறையை விட்டாள். அவர் கையைப் பிடித்தாள்.

அன்று இரவு விடுதியில் இரண்டு கம்பளிக்குள்ளும் நடுங்கிக்கொண்டு அவள் சொன்னது இதுதான். ஷூ கல்லிடுக்கில் கழன்று மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தாள். "ரைட்" என்று சத்தம் கேட்டது, கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. ஷூவை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காலையில் அவர் போட்டுக்கொண்டு வந்த அதே மழைக்கோட்டு. பின்பக்கமாக நீட்டிய கையில் கயிற்று முனை. நல்லவேளை என்று பிடித்துக்கொண்டாள். நூறு அடிக்கு ஒரு தடவை இழுத்தாள். பாதை ஏன் இப்படிப் புல்லும் மண்ணுமாக இருக்கிறது என்று மட்டும் யோசித்தாள்.

பிறகு அந்த முதுகு பேச ஆரம்பித்தது. அத்தான் குரல்தான். ஷூ என் தப்புதான்... காலையில் பேசியதும் தப்பு... என்னை மன்னிச்சிடு.

அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

"பத்தொன்பது வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டதே இல்ல" என்று என்னிடம் சொன்னாள். "இது அவரு இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கயிற்றை விட்டாள். ஊன்றுகோலை முன்னால் ஊன்றினாள். முனைக்கு ஓரடி அப்பால் தரை இல்லை. அங்கேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எதுவும் காதில் விழவில்லை.

காலையில் வழிகாட்டியிடம் கேட்டார்கள். அந்தப் பாதையில் இதற்கு முன் ஏதாவது நடந்திருக்கிறதா என்று. எதுவும் நடந்ததாகத் தனக்குத் தெரியாது என்றாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. பையன்கள் விடியற்காலைப் பேருந்திலேயே கிளம்பிவிட்டிருந்தார்கள். அக்கா கொட்டகைக்குக் கொஞ்ச தூரம் முன்னால் கயிற்றை விட்டுவிட்டாள் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் விளக்கவில்லை.

அத்தானும் அக்காவும் வீடு வந்து சேர்ந்தார்கள். அவர் வேலைக்குப் போனார், அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். முடிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

ஒரு சாயங்காலம், ஆறு இருபதுக்கு, கண்ணாடிக்காரன் ஃபோன் செய்தான். உச்சியில் எடுத்த படங்களை அனுப்புவதற்காக. அக்கா நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தான். பிறகு சிரித்தான். அன்றைக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டதும் அக்கா சொன்ன பதிலும் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது என்றான்.

அத்தான் காதில் ஃபோனோடு எழுந்து நின்றார்.

"என்ன பதில்?"

"உங்களுக்குக் கேக்கலையா? தெளிவாத்தானே சொன்னாங்க..." என்றான் பையன். "அடுத்த வருஷம் எதுக்கு, இப்பவே உங்ககூட வீட்டுக்கு வர்றேன்னு."

அந்த ஃபோன் வந்தபோது, அவர்கள் மலையிலிருந்து திரும்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.