நிஹாயாவின் வீட்டு வார்த்தை

நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும் தகப்பனார் ‘நிஹாயா’ என்று பெயர் வைத்துவிட்டார். முடிவு என்று அர்த்தம். நம்மவர்கள் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே ரகம். பலனும் அதே ரகம்தான்: அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பெயரில் முடிவை வைத்துக்கொண்டு ஒரு வேலையையும் முடிக்காமல் தாவுகிறவள் என்று அம்மானை ஒட்டிய ஸஹாப் இன்சுலின் தொழிற்சாலையில் அவளைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது.

தாவினாள்தான், இல்லையென்று யார் சொன்னது? பத்தொன்பது வருஷத்துக்கு முன் உயிரியல் பட்டத்தோடு வந்தவளை, குப்பிகளைக் கறுப்புத் திரைக்கும் வெள்ளைத் திரைக்கும் முன்னால் தூக்கிப் பிடித்துத் தூசி தேட உட்காரவைத்தார்கள். கண் பூத்துப்போனதும் நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டிகளுக்குப் போனாள். அங்கிருந்து, கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு நிற்கிற கிருமியற்ற அறைக்கு. மகன் அத்ஹம் பிறந்த பிறகு குளிர்க்கிடங்கு. அப்புறம் வெளிநாடுகளுக்கான பதிவுக் காகிதங்கள். இப்போது புகார்த் தொலைபேசி. ரொட்டியிலும் தூவுகிறோம், தயிரிலும் தூவுகிறோம் என்று ‘ஸாத்தர்’ பொடியின் பெயரையே அவளுக்குப் பட்டமாகக் கட்டிவிட்டார்கள்.

“ஸாத்தர் இல்லாம காலைல நீங்க என்னத்தைத் தின்னு கிழிப்பீங்க?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

புகார்ப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. நாற்காலி காலி, வேலையை மட்டும் நிஹாயா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை புது இயக்குநர் டாக்டர் முஃபீத் கூப்பிட்டனுப்பினார்.

“உம்மு அத்ஹம்,” என்று ஊர் மரியாதைப்படி அத்ஹமின் அம்மாவாகவே அழைத்தார். “இந்தப் படிவத்துல ‘சிறப்புத் துறை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களுக்கு என்ன எழுத?”

“ஆறு இருக்கு டாக்டர். கட்டத்தைப் பெருசாப் போடச் சொல்லுங்க.”

மனிதர் சிரிக்கவில்லை. “ஆறு இருக்குன்னா ஒண்ணும் இல்லைன்னுதான் நான் எடுத்துக்குவேன். நீங்க ஒரு இடத்துலயும் வேர் விடலையே. வியாழக்கிழமை ஜெர்மனில படிச்ச ஒருத்தர் வர்றாரு. பதினாலு வருஷமா மருந்துப் பாதுகாப்பு ஒண்ணுதான் அவருக்கு வேலை.”

வெளியே வந்தவளுக்குப் பக்கத்து மேஜை சுஹாத் தேநீரை ஊற்றி நீட்டினாள். “என்ன சொன்னாரு மனுஷன்?”

“எனக்கு வேர் இல்லையாம்.”

“வேர்தான் வேணும்னா முள்ளங்கியைக் கொண்டாந்து உட்காரவைக்கட்டும்!”

நிஹாயா சிரித்தாள். ஆனாலும் பத்தொன்பது வருஷ உழைப்பையும் ஒரு சின்னக் கட்டத்தில் இல்லையென்று ஆக்கிவிட்டாரே!

அன்றைக்கே இன்னொரு தலைவலி வந்து சேர்ந்தது. யெமனில் ஒரு மலை வட்டாரத்திலிருந்து இருபத்து மூன்று புகார்கள்: மருந்து வேலை செய்யவில்லை, சர்க்கரை இறங்கவில்லை. புதன்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அனுப்பிய சரக்கு முழுவதையும் திரும்பப் பெற வேண்டும், உற்பத்தியும் நிற்கும் என்றார் டாக்டர் முஃபீத். ஆய்வகம் தன்மேல் தப்பில்லை என்றது. குளிர்க்கிடங்கு தன்மேல் இல்லை என்றது. ஆளுக்கு ஆள் அடுத்தவனைக் கைகாட்டினார்கள்.

நிஹாயா ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கினாள். எந்த இயந்திரம் எங்கே முரண்டு பிடிக்கும், எந்தப் பதிவேட்டில் எந்த வரியை எழுதாமல் நழுவுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கதை அளக்க முடியாது. இரண்டு நாள் அலசியும் எல்லாம் சுத்தம். அப்படியானால் கோளாறு இங்கே இல்லை, மருந்து போய்ச் சேர்ந்த வீட்டில் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், புகார் கொடுத்தவர்களில் ஒருவரான முஸ்இத் என்ற பள்ளி ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“மருந்தை எங்க வைக்கிறீங்க, உஸ்தாத்?”

“நீங்க எழுதிருக்கற மாதிரியே தல்லாஜாவுலதான், தங்கச்சி. நான் வாத்தியாரு, ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

“எந்தத் தட்டுல? மேலயா, கீழயா?”

“தட்டா? தல்லாஜாவுக்கு ஏது தட்டு? மூடியைத் திருகுவேன், உள்ள போடுவேன், மறுபடி திருகிடுவேன்.”

நிஹாயாவின் பேனா நின்றது. “திருகுவீங்களா? உங்க தல்லாஜாவுல வேற என்ன இருக்கும்?”

“தேநீர்தான்! வேற என்ன ஊத்துவாங்க? காலைல குடிச்சு முடிச்சதும் கவுத்துட்டுக் குப்பியைப் போட்டுடுவேன். நல்ல தல்லாஜா, சாயங்காலம் வரைக்கும் சூடு ஆறாது. என் வீட்டுக்காரி பாவம், மருந்துக்காக ரெண்டாவது தேநீரையே விட்டுட்டா!”

பிளாஸ்க்! அம்மானில் தல்லாஜா என்றால் ஃப்ரிட்ஜ். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃப்ரிட்ஜே இல்லாத அந்த மலைவீட்டில் தல்லாஜா என்றால் தேநீர் பிளாஸ்க். குளிரில் இருக்க வேண்டிய மருந்தைக் கருத்தாக வேகவைத்திருக்கிறார்கள்!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; பாதியில் நின்றும் போனது. மருந்தோடு போகிற பழைய துண்டுச் சீட்டில் ‘இரண்டு முதல் எட்டு பாகை வரை குளிரூட்டியில்’ என்று இலக்கண சுத்தமாகத்தான் இருந்தது. “யாருக்குப் புரியும் இது? புத்தக வார்த்தையைத் தூக்கிப் போட்டுட்டு, தல்லாஜான்னு வீட்டு வார்த்தையைப் போடுங்க” என்று பதிவுப் பிரிவில் இருந்தபோது மல்லுக்கு நின்று மாற்றியவள் ஒருத்தி. அந்தப் புதுச் சீட்டோடு போன முதல் சரக்கு இதுதான். அந்த ஒருத்தி யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

“உஸ்தாத், அந்தக் குப்பியை இனிமே தொடாதீங்க. புதுசு வாங்குங்க, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. தண்ணிப் பானை இருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல சின்ன மண்சட்டில வெச்சு ஈரத்துணி சுத்துங்க.”

“அப்ப தேநீரு?”

“தேநீரைத் தல்லாஜாவுல ஊத்துங்க. உங்க வீட்டுக்காரிக்கு முதல் கோப்பை, நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

சாயங்காலத்துக்குள் மற்ற இருபத்திரண்டு பேரையும் மருந்துக்கடைக்காரர் மூலமாகப் பிடித்துச் சொல்லியாகிவிட்டது. எல்லோர் வீட்டிலும் அதே பிளாஸ்க்.

புதன்கிழமை காலை புகார்ப் படிவத்தை எடுத்து வைத்தாள். ‘பிழைக்குப் பொறுப்பு’ என்ற இடத்தில் கை நின்றது.

“அச்சுப் பிழைன்னு போட்டுட்டுப் போ,” என்று சுஹாத் காதைக் கடித்தாள். “நாளைக்கு வியாழன். அந்த ஜெர்மன்காரனுக்கு நீயே நாற்காலியைத் துடைச்சுக் குடுப்பியா?”

“அச்சடிச்சவன் என்னடி பண்ணான்? நான் குடுத்ததைத்தானே அடிச்சான்.”

போட்டுவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு ‘நிஹாயா’ என்று தன் பெயரையே எழுதினாள். நாற்காலி போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினாள். ஃப்ரிட்ஜ் படம் ஒன்று, பிளாஸ்க் படம் போட்டு அதன்மேல் சிவப்புக் குறுக்குக்கோடு ஒன்று, புதுச் சீட்டுக்காக அவளே வரைந்து படிவத்தோடு இணைத்து இயக்குநர் மேஜையில் வைத்தாள்.

டாக்டர் முஃபீத் படித்தார். பிளாஸ்க் வந்த இடத்தில் மீசை துடித்தது. கீழே அவள் பெயருக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதினதும் நீங்க, கண்டுபிடிச்சதும் நீங்களா?”

“ஆமா டாக்டர்.”

“கண்டுபிடிச்சதை மட்டும் சொல்லியிருந்தா நான் பாராட்டியிருப்பேன்.”

“தெரியும் டாக்டர்.”

அவர் பேனாவைத் திறந்தார். ‘திருத்தும் பொறுப்பு’ என்ற இடத்தில் எழுதினார், கையெழுத்திட்டார், படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். பெயர்: நிஹாயா. பதவி: தலைவர், புகார்ப் பிரிவு. “நாளைக்கு வர்றவருக்கு வேற நாற்காலி பார்த்துக்கறேன்” என்றார்.

இரண்டு தடவை படித்தாள். எழுத்துகள் கலங்கின. விரலைக் காகிதத்தில் ஊன்றினாள்.

“தேதி போடலையே டாக்டர். தேதி இல்லாத கையெழுத்து செல்லாது. திருப்பி அனுப்பிடுவேன்.”

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தபடி பேனாவை மறுபடி எடுத்தார்.