கட்டை பிடுங்கிய கதை

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த, பிரெஞ்சு பேசும் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பழைய சாலையை அகலமாக்கும் வேலை. குதிரைவண்டிக் காலத்தில் சுங்கம் வாங்கிய சாலையாம். நான் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டினேன். வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. புறநகரான பியர்பொன்ட்ஸில் கடனுக்கு வீடு வாங்கியிருந்தோம், பிள்ளைகள் இருவர். என்னை நிறுத்த ஒரு சின்னப் பிழையே போதும்.

போர்மன் சுந்தர் சென்னைக்காரர். போனில் பேசிக்கொண்டே சாலையோரம் கைகாட்டினார்.

"அண்ணா, அந்தக் கட்டையப் புடுங்கிடுங்க."

ஓரத்தில் இரண்டு நின்றன. ஒன்று, வெட்டிய மேப்பிளின் அடிமரம். மற்றது, மைல் எண் செதுக்கிய கருங்கல். யாழ்ப்பாணத்தில் கட்டை என்றால் மைல்கல்தான். மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை என்று இடங்களுக்கே பெயர். பிடுங்கினேன். ஆடிய பல்போல வந்தது.

சுந்தர் ஓடிவந்தார். "என்னண்ணா, கட்டைன்னா கல்லப் புடுங்கியிருக்கீங்க?"

"இதுதானே தம்பி கட்டை."

"கட்டைன்னா மரம்ணா."

"அடிமரம் எங்களுக்குக் குத்தியெல்லோ."

"இந்த விளக்கத்த ஆபீஸ்ல சொல்லுங்க. வேலை இருந்தா."

பனி தள்ளும் வண்டிகள் ஆண்டுதோறும் இடித்த கல் அது. நாய்கள் காலைத் தூக்கிய கல். மத்தியானத்துக்குள் அதைச் சுற்றி நான்கு அதிகாரிகள் தலை குனிந்து நின்றார்கள். வரலாற்றுச் சின்னமாம். அகற்றச் சொன்னது யார் என்று ஓர் அம்மையார் பிரெஞ்சில் கேட்டார். சுந்தர் என்னைப் பார்த்தார். நான் அடிமரத்தைப் பார்த்தேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதே மனதில் ஓடியது.

என்னை நிறுத்தினால், அந்தக் கல்லைச் சுற்றி முன்பே ஏன் வேலி போடவில்லை என்பதையும் கம்பனி அறிக்கையில் எழுத வேண்டும். எங்கள் எஞ்சினியருக்கு அது உடனே விளங்கியது. "இயந்திரங்கள் இடிக்காமலிருக்க நாங்களே பக்குவமாக எடுத்து வைத்தோம்" என்று சொல்லி, என் தோளில் கைபோட்டார். அம்மையார் எனக்கு 'மெர்சி' சொன்னார். அந்த மாதமே நிரந்தரமாக்கினார்கள்.

அன்று பின்னேரமே கல்லைப் பழைய குழியில் நட்டோம். அதைச் சுற்றி வேலி போட உத்தரவு வந்தது. என்னிடம் யாழ்ப்பாணத் தமிழ் படித்திருந்த சுந்தர், புதிதாக வந்த மதுரைக்காரரிடம் சொன்னார்: "அந்தக் கட்டையச் சுத்தி வேலி போட்ருங்க."

மறுநாள் காலையில் பார்த்தால், அடிமரத்தைச் சுற்றி அழகான ஆரஞ்சு வேலி. மேலதிகாரிகள் பார்வையிட்டுத் திருப்தி தெரிவித்தார்கள்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இறங்கிப் போய், பொருளில் கையை வைத்து, "இதுவா?" என்று கேளுங்கள். எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் மகள் "அப்பா, அதை எடுங்கோ" என்றாலும் எழுந்து போய்த் தொட்டுக் காட்டுகிறேன்.

"இதுவோ பிள்ளை?"

"ஓம் அப்பா. உப்புத்தானே."