காஞ்சனாபுரிக்கு மூன்று நாள்

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவின் சந்தைக்குப் போய் வந்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்கு மூன்று நாள் சுற்றுலாவை மனைவியோடு திட்டமிட்டேன். ஆற்றுப் பாலம், மிதவை வீடு, இரவுச் சந்தை.

"நானும் வாரேன்," என்றார் எண்பத்து மூன்று வயது அப்பா.

"ரொம்ப தூரம்ப்பா. கால் வலிக்கும்லா."

"எங்கப்பன ரப்பர் தோட்டத்துலேர்ந்து அங்க ரயில் பாதை போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போனப்ப, கால் வலிக்குமான்னு கேட்டானா? செத்த நாள் தெரியாம இத்தன வருசம் திதி குடுக்கல. அந்த ஆத்துல ஒரு கை எள்ளுத் தண்ணி விடணும்டா."

பெரியவர்கள் சயாம் என்று சொல்லும் தாய்லாந்தில் தாத்தா இறந்தது எனக்குத் தெரியும். இருந்தும் அந்த ரயிலுக்காகக் கட்டிய பாலத்தைப் படமெடுக்கும் இடமாகவே நினைத்திருந்தேன். இனி ஆற்றங்கரைதான் முதலில். மற்றவை முடிந்தால் பார்க்கலாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக அப்பாவைக் குடிநுழைவுத் துறைக்கு அழைத்துப்போய், வெளிநாடு போக அவருக்கு வேண்டிய பாஸ்போர்ட்டுக்கு, அவருடைய முதல் கடப்பிதழுக்கு, விண்ணப்பித்தேன்.