மாஸ் மணிக்கு முப்பத்தாறு முகம்

பிளக்ஸ் டிசைன் போடுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எதிரே வந்து உட்காருகிற யாரையும் பதினைந்து நிமிஷத்தில் பெரிய மனிதனாக்கி அனுப்பிவிடலாம். தாடியை அடர்த்தியாக்கலாம், தொப்பையை வெட்டிவிடலாம், பழைய மொபெட்டில் வந்தவரைக் குதிரையில் ஏற்றி உட்காரவைக்கலாம். கம்பத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பன்னிரண்டு வருஷமாக இந்தத் திருப்பணியைத்தான் செய்துவருகிறேன்.

என் மகன் நித்திஷ் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஆகவே, பிள்ளை பெற்ற சக பாவிகளே, உங்களுக்கு வருகிற பயம் எனக்கும் வரும். முன்பெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நின்றால் மார்க்கைப் பற்றிப் பேசுவோம். இப்போது வேறு பேச்சு. அஞ்சாவது படிக்கிறவன் கையில் கலர் கயிறு, ஆறாவது படிக்கிறவன் நோட்டின் பின்பக்கம் கேங் பெயர், ஏழாவது படிக்கிறவனுக்கு ஓர் 'அண்ணன்'. இதெல்லாம் எங்கிருந்துதான் வருகிறதோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை என் கடை நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். பிளக்ஸ் அச்சாகி வருகிறவரை அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

அரிவாள் வேறு, வாள் வேறு

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். வந்ததும் இருபது நிமிஷம் நாட்டு நடப்பைச் சொல்லிப் புலம்பினார். "பெறந்தநா கேக்கையே அருவாளால வெட்டுறாய்ங்கப்பா! மொளச்சு மூணு எலை விடல, அதுக்குள்ள கேங்காம்" என்றார். பெற்றவர்களைத்தான் முதலில் உள்ளே தள்ளவேண்டும் என்றும் சொன்னார். நானும் 'உச்' கொட்டிக்கொண்டே மவுஸை நகர்த்தினேன்.

பிறகு அவருடைய ஆர்டரைச் சொன்னார். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். பையன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். இரண்டு பக்கமும் சிங்கம், பின்னால் தீ, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பையனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. சிரித்தால் கெத்து போய்விடும் என்று அதையும் முளைக்கவைக்கச் சொன்னார். முளைக்கவைத்தேன். கடைசியாகக் கையில் ஒரு வாள் கொடுக்கச் சொன்னார். "இப்பத்தானண்ணே அருவாளைத் திட்டுனீங்க?" என்று கேட்டேன். என்னை அவர் விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அருவான்னாத்தேன் ரவுடித்தனம் தம்பி. வாளுன்னா வீரம்."

ஆள் பத்தலை

மாஸ் மணிக்கு இருபத்து மூன்று வயசு. காலையில் பைக்கைத் துடைப்பார். சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்திருப்பார். நான் பார்த்தவரையில் அவருடைய தொழில் அவ்வளவுதான். தன் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டடி பிளக்ஸ் கேட்டு வந்தார். எங்கள் பக்கத்துப் பிளக்ஸுக்கு ஓர் இலக்கணம் உண்டு. மேலே அண்ணன் முழு உருவமாக நிற்பார். கீழே 'அன்புத் தம்பிகள்' என்று தலைப்புப் போட்டு, தீப்பெட்டி அளவில் வரிசையாக முகங்கள் இருக்கும். எத்தனை வரிசையோ அத்தனை மதிப்பு. மணி மூன்று வரிசை கேட்டார். அதற்கு முப்பத்தாறு முகம் வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்பது.

"மிச்சத்த நீங்களே ஃபில் பண்ணிருங்கண்ணே" என்றார். இதுவும் தொழிலில் வழக்கம்தான். காதுகுத்து, ஆண்டு விழா, தெருக் கிரிக்கெட் டீம் என்று பன்னிரண்டு வருஷமாக நான் வெட்டி வைத்த முகங்கள் ஒரு போல்டரில் கிடக்கின்றன. அதிலிருந்து இருபத்தேழு முகத்தை எடுத்தேன். பெரியவர்கள் படத்தைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள். சின்னப் பையன்கள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் ஒரே கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். 'மாஸ் பாய்ஸ்' என்று பெயரையும் நானே வைத்தேன். மணி திரையைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பின்னாடி இம்புட்டுப் பேரு இருக்காய்ங்கன்னு எனக்கே இப்பத்தேண்ணே தெரியுது."

கம்ப்யூட்டர் செய்த தப்பு

அந்தப் பிளக்ஸைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே கட்டினார்கள். மறுநாள் காலை கடை திறக்கும்போதே அரிசிக்கடை இஸ்மாயில் பாய் படியில் நின்றிருந்தார். அவருடைய மகன் ரியாஸ் அஞ்சாம் வகுப்பு. போனில் எடுத்த படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டாவது வரிசையில் ரியாஸ். நான் மாட்டிய கண்ணாடி அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பாய் அதற்குள் வீட்டில் விசாரணையை முடித்திருந்தார். மணி யாரென்றே தெரியாது என்று பையன் சொல்லியிருக்கிறான். தெரியாது என்று சொல்லச் சொல்ல, கூடுதலாக அடி விழுந்திருக்கிறது. "இன்னும் அவுக அம்மா ஊட்டிவிட்டாத்தேன் திங்கிறான். அவனப் போயி கேங்குல சேத்துருக்காய்ங்களே" என்று பாய் போனைப் பைக்குள் போட்டார்.

அடி வாங்கவேண்டியவன் நான். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வாயில் வந்தது, "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிருச்சு பாய்" என்பதுதான். பாய் முப்பது வருஷம் அரிசி வியாபாரம் பார்த்தவர்.

"கம்ப்யூட்டருக்கு எம் மகனத் தெரியாது பாண்டி. அவன் சுன்னத் கல்யாணத்துக்குப் பிளக்ஸ் போட்ட ஒனக்குத்தேன் தெரியும். நீயே வந்து ஹெச்.எம்.கிட்டச் சொல்லு."

விழிப்புணர்வு

பாயிடம் தலையை ஆட்டினேனே தவிர, நான் போகவில்லை. கடைப் பெயர் கெட்டுவிடும் என்று நாளைத் தள்ளினேன். அதற்குள் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. பி.டி. சார் ஒரு நோட்டோடு பிளக்ஸ் முன்னால் போய் நின்று, வரிசை வரிசையாகப் பார்த்து, தன் பள்ளிப் பிள்ளைகள் பத்தொன்பது பேரை எழுதிக்கொண்டார். ஊரில் ஒரு கேங்கைக் கண்டுபிடிக்க இவ்வளவு குறைந்த உழைப்பு யாருக்கும் ஆகியிருக்காது. பத்தொன்பது பேரையும் வகுப்பில் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்து, பிள்ளை இனி கேங்கில் சேரமாட்டான் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அடுத்த தடவை டி.சி. என்று தகவல் போனது. மற்ற பெற்றோர்கள், அந்தப் பத்தொன்பது பேரோடு சேராதே என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். என் வீட்டிலும் என் மனைவி நித்திஷிடம் சொன்னாள். நான் இன்னொரு தோசை கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கடைக்கு வந்தார். வன்முறைக்கு எதிராக விழிப்புணர்வுப் பிளக்ஸ் வைக்கப்போகிறார்களாம். மேலே அவர் முழு உருவமாக நிற்கவேண்டும். கீழே கழக நிர்வாகிகள் பதினான்கு பேர் வரிசையாக. பின்னால் உதயசூரியனா மலையா என்று கேட்டேன். சிங்கம் இருந்தால் போடச் சொன்னார். எல்லாம் போட்டு முடித்தபோது, 'மாணவச் செல்வங்களே, வன்முறை வேண்டாம்' என்ற வாசகத்துக்கு இடம் போதவில்லை. என்ன செய்யலாம் என்றேன்.

"வாசகம் பொடிசா இருந்தா ஒண்ணுமில்லப்பா. செயலாளரு மூஞ்சியவிட என் மூஞ்சி ஒரு சுத்துப் பெரிசா இருக்கட்டும்."

நாலு மணிக்கு

அன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்குச் செல்வி வந்தது. விடிந்ததும் ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, அப்படியே இறங்கி நேராக என் கடைக்கு. புருஷன் திருப்பூரில். ஒரே மகன் சூர்யா, நித்திஷ் வகுப்புதான். கிரிக்கெட் டீம் பிளக்ஸுக்காக நான் எடுத்த அவன் முகம் மூன்றாவது வரிசையில் முதல் ஆளாக இருந்தது. "படத்த எடுத்துருங்கண்ணே" என்றது செல்வி. பிளக்ஸைக் கிழித்தால் போச்சு என்று சுலபமாகச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னது. பிளக்ஸ் ஏறுகிறவரை சூர்யாவுக்கு மணியைத் தெரியாது. தனி பெஞ்சில் உட்காரவைத்த பிறகு அவனோடு பேச ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தவனை மணி அடையாளம் கண்டு, 'ஏலே, நீ நம்ம பய' என்று பைக்கை நிறுத்தியிருக்கிறார். பப்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பையன் அங்கேதான். கையில் கயிறும் ஏறிவிட்டது. "நீ கண்டிக்க வேண்டியதுதான ஆத்தா?" என்று கேட்டேன். பெற்றோர்களுக்குப் புத்தி சொல்கிற பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னன்னு வைய்யிறது? நாலு மணிக்குப் பள்ளியூடம் விட்டா 'சாப்புட்டியாடா'ன்னு கேக்குற ஒரே ஆளு அவந்தேண்ணே. நான் அந்நேரம் மலைமேல காய் எடுத்துக்கிட்டு நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். எழுதிக் கொடுக்க வந்த பெற்றோர்கள் மர பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுச் செல்வியும் வந்திருந்தது. ஹெச்.எம். முன்னால் நின்று, மாஸ் பாய்ஸ் என்று ஒரு கேங் கிடையாது, ஆள் பத்தாததால் நான்தான் போல்டரிலிருந்து எடுத்து ஒட்டினேன், பெயர் வைத்ததும் நான்தான் என்று சொல்லி முடித்தேன். பி.டி. சார் நோட்டை மெதுவாக மூடினார். இஸ்மாயில் பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழகத் தலைவர் மட்டும் தன்னுடைய பிளக்ஸ் ரெடியா என்று ஜாடையில் கேட்டார். ஹெச்.எம். ஒரு பேனாவை வாங்கிப் பத்தொன்பது பெயரையும் அடித்தார். பாவ மன்னிப்பு இவ்வளவு சுலபமா என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போது செல்வி எழுந்தது. கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டது.

"ஒங்க மகனும் சூர்யா கிளாசுதானண்ணே. அவன் படம் மட்டும் எப்பிடிண்ணே கைக்கு அகப்படாமப் போச்சு?"

அந்தப் போல்டரைத் திறந்தால் முதலில் நிற்பதே நித்திஷ் படம்தான். அதைத் தள்ளிவிட்டுத்தான் மற்ற இருபத்தேழையும் எடுத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தவன், என் பிள்ளையை மட்டும் யாரோ பார்த்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறேன். அதை அங்கே சொல்லாமல் கடையைத் திறக்கவேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. பதினெட்டுப் பேர் பழைய பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார்கள். சூர்யா பெயரையும் அடித்துவிட்டார்கள்தான். ஆனால் நேற்று நாலு மணிக்கும் அவன் மணியின் பைக்கில், டேங்க்மேல் உட்கார்ந்து, என் கடையைத் தாண்டித்தான் போனான். நான் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

ஆகவே, நம் பிள்ளைகளைக் கெடுக்கிறவன் யார், எங்கே இருக்கிறான் என்று ஊரெல்லாம் தேடுகிற பெற்றோர்களுக்கு ஒரு தகவல்: காலை ஒன்பதரைக்குக் கடை திறந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை அரை நாள்.